டபராவில் ஆறும் கிரீன் டீ

என் வீட்டில் கிரீன் டீக்குத் ‘தண்டனை’ என்று பெயர். வைத்தவர் என் மனைவி. சாயங்காலம் நான்கு மணிக்கு, “தண்டனை போட்டுடட்டுமா?” என்று அடுக்களையிலிருந்து குரல் வரும். கொதிக்கிற தண்ணீரில் நூல் கட்டிய பை தொங்க, அரை எலுமிச்சம்பழம் பிழிந்து, ஒரு ஸ்பூன் தேன் விட்டு ஒரு கோப்பை வந்து சேரும். மூச்சைப் பிடித்துக்கொண்டு குடிப்பேன். நிலவேம்புக் குடிநீரையாவது டெங்கு பயத்தில் குடித்தோம். இதை எதற்குக் குடிக்கிறோம் என்று கோப்பை காலியாகும்வரை யோசனை ஓடும்.

நான் கும்பகோணத்துக்காரன். நாளொன்றுக்கு ஆறு காப்பி. பீபெரியும் பிளான்டேஷன் ஏ-யும் சரிபாதி, சிக்கரி 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, பொடி அரைத்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, டிகாக்‌ஷன் கள்ளிச்சொட்டாக இறங்க வேண்டும், பால் அப்போதுதான் பொங்கியிருக்க வேண்டும். இத்தனை சட்டம் பேசுகிறவனுக்கு ஒருநாள் நெஞ்சுவரை அமிலம் ஏறியது. டாக்டர் மருந்துச் சீட்டிலிருந்து நிமிராமலே, “காப்பியை ரெண்டாக் குறைங்க. நடுவுல ஏதாவது வேணும்னா கிரீன் டீ குடிங்க” என்றார். பஸ் வரவில்லையென்றால் ஆட்டோவில் போங்கள் என்பதுபோல அவ்வளவு சாதாரணமாக.

குறைத்த மறுநாள் மத்தியானம் தலை விண்விண்ணென்று தெறித்தது. கஃபீன் மூளையின் ரத்தக் குழாய்களைச் சற்றே சுருக்கி வைத்திருக்கும். பழகிய ஆளுக்கு அது வராமல் போனால், 12 முதல் 24 மணி நேரத்துக்குள் குழாய்கள் விரிந்து தலைவலி கிளம்பும். ஒரு பெரிய கோப்பைக் காப்பியில் சுமார் 95 மில்லிகிராம் கஃபீன் என்றால், அதே அளவு கிரீன் டீயில் சுமார் 30 மில்லிகிராம்தான். நாலு காப்பிக்குப் பதில் நாலு தண்டனை குடித்தாலும் கணக்கு நேராகாது. நாலு நாள் வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. நானும் பேசும் நிலையில் இல்லை.

இது நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அதற்குள் பத்துப் பன்னிரண்டு வகைக் கிரீன் டீயைக் குடித்துப் பார்த்துவிட்டேன்.

அம்மாவின் கீரைக் கணக்கு

டோக்கியோவில் வேலை பார்க்கும் மச்சினன் விடுமுறைக்கு வந்தபோது ஒரு வெள்ளிநிறப் பையை நீட்டினான். “அத்தான், நீங்க குடிக்கிறது டீயே இல்ல. இது சென்ச்சா. இதைக் குடிச்சுப் பாருங்க.” பையைக் கத்தரித்ததும் வந்த வாசனை ஆளைக் கொஞ்சம் அசைத்தது. மழை பெய்த மறுநாள் அறுத்த புல், உரித்த பச்சைப் பட்டாணி, எங்கேயோ தூரத்தில் கடற்கரை. இலை ஊசி ஊசியாக, கரும்பச்சையாக மின்னியது.

வழக்கப்படி தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, இலையைப் போட்டு, ஐந்து நிமிடம் மூடிவைத்தேன். இறங்கியது மஞ்சள் பாய்ந்த கசப்பு. யாரிடம் கேட்பது? மச்சினன் அதற்குள் அவன் மாமியார் வீட்டுக்குக் கிளம்பிவிட்டான்.

அம்மாவுக்கு 78 வயது. ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார். “என்னடா இது, அகத்திக்கீரை வேகவெச்ச தண்ணியாட்டம் இருக்கு? அந்த இலையைக் காட்டு.” ஊறியதை விரலில் எடுத்து விரித்தார். ஊசியாக இருந்தது இப்போது முழு இலையாக மலர்ந்திருந்தது. “இது பச்சை இலைடா. கீரையை மூடிபோட்டுக் கொதிக்க விட்டா கறுத்துப் போகாதா? காப்பிக்கொட்டை வறுத்தது, தாங்கும். இது தாங்குமா? தண்ணியை ஆத்தி ஊத்து.”

எங்கள் வீட்டில் ஆற்றுவதற்கு டபராவை விட்டால் வேறு என்ன இருக்கிறது? கொதித்த தண்ணீரை டம்ளரில் விட்டார். டம்ளரிலிருந்து டபரா, டபராவிலிருந்து மறுபடி டம்ளர். பிறகுதான் புது இலைமேல் ஊற்றினார். ஒரு நிமிஷம் ஆனதும் வடிகட்டச் சொன்னார். இளம்பச்சை. முதலில் இனிப்பு மாதிரி ஒன்று, பிறகு பருப்புத் தண்ணீரில் இருக்குமே அந்தத் திடம், கடைசியில் நாக்கின் ஓரத்தில் மெல்லிய துவர்ப்பு. கசப்பைத் தேடினேன், கிடைக்கவில்லை.

கசப்பும் துவர்ப்பும் கேட்டசின் என்ற சேர்மங்களின் வேலை. தண்ணீர் 80 டிகிரியைத் தாண்டினால் அவை போட்டி போட்டுக்கொண்டு இறங்கும். இனிப்பையும் திடத்தையும் தருகிற அமினோ அமிலங்கள், முக்கியமாகத் தியானைன், அவ்வளவு சூடு கேட்பதில்லை. அதனால் சென்ச்சாவுக்கு 70 முதல் 80 டிகிரி வரை, ஒரு நிமிடம். கொதித்த நீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் ஒவ்வொரு தடவைக்கும் தோராயமாகப் பத்து டிகிரி இறங்கும். மூன்று மாற்றல், 70 டிகிரி. அம்மாவிடம் வெப்பமானி கிடையாது.

பிறகு படித்தபோது தெரிந்தது, ஜப்பானில் இதற்கென்றே ஒரு பாத்திரம் வைத்திருக்கிறார்கள். பெயர் யுசமாஷி, மூக்கு வைத்த சின்னப் பீங்கான் கிண்ணம். பெயரின் அர்த்தமே ‘வெந்நீர் ஆற்றி’தான். நாம் பானத்தைக் கலந்துவிட்டு ஆற்றுகிறோம், அவர்கள் ஆற்றிவிட்டுக் கலக்கிறார்கள். டபராவை ஒரு படி முன்னால் நகர்த்தினால் போதும்.

ஊரில் கிரீன் டீ கசக்கிறது என்று சொல்கிற பலரும் கிரீன் டீயைக் குடித்ததில்லை என்பது என் துணிபு. அவர்கள் குடித்தது கஷாயம். உடம்பு இளைக்க வந்த மருந்தென்று நினைத்து, மருந்தைக் காய்ச்சுவதுபோல் காய்ச்சுகிறோம். போதாததற்கு நூல் கட்டிய பைக்குள் இருப்பது பெரும்பாலும் தூளும் துகளும். சீக்கிரம் நிறம் விடும், சீக்கிரம் கசக்கும். அந்தக் கசப்பை மறைக்கத்தான் எலுமிச்சையும் தேனும்.

காப்பிக்காரனுக்கு இன்னொரு அதிர்ச்சி, இரண்டாம் டிகாக்‌ஷன். நம் வீடுகளில் முதல் டிகாக்‌ஷன் விருந்தாளிக்கு. இரண்டாவது, சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கும் உறவுக்காரருக்கு. யார் வீட்டில் எந்த டிகாக்‌ஷனில் காப்பி கிடைத்தது என்பதைக் கொண்டு மரியாதையை அளந்த குடும்பம் எங்களுடையது. நல்ல கிரீன் டீயில் அந்த அளவுகோல் செல்லாது. ஒரே இலையை மூன்று தடவை ஊறவைக்கலாம். விரியாத இலை இரண்டாம் தடவைதான் நன்றாக விரியும். சில ரகங்களில் அந்தக் கோப்பைதான் உச்சம்.

ஒரு செடி, இரண்டு சட்டி

கறுப்பு டீ, ஊலாங், கிரீன் டீ எல்லாம் ஒரே செடி. கமேலியா சினென்சிஸ். பறித்த இலையைக் கசக்கி விட்டுவைத்தால் உள்ளிருக்கும் நொதி காற்றோடு சேர்ந்து அதைக் கறுக்கவைக்கும், நறுக்கிய வாழைக்காய் கறுப்பதுபோல. கறுக்கவிட்டால் கறுப்பு டீ. பாதியில் நிறுத்தினால் ஊலாங். பறித்த கையோடு சூடு காட்டி நொதியை முடக்கிவிட்டால் கிரீன் டீ. அந்தச் சூட்டைக் காட்டும் விதத்தில்தான் சீனமும் ஜப்பானும் பிரிகின்றன. சீனர்கள் பெரும்பாலும் இரும்புச் சட்டியில் வறுக்கிறார்கள், ஜப்பானியர் ஆவியில் அவிக்கிறார்கள். ஒன்று பயறு வறுக்கும் வாணலி, மற்றது இட்லிப் பானை.

சீனாவிலும் பழைய வழி ஆவிதான். அவித்து, இடித்து, அடையாகத் தட்டி வைத்திருந்தார்கள். 1391-இல் மிங் வம்சத்தின் முதல் பேரரசர் ஹொங்வு, அரண்மனைக்குத் தேயிலை அடை வேண்டாம், உதிரி இலை போதும் என்று உத்தரவு போட்டார். உதிரி இலையோடு சட்டி வறுவலும் பரவியது. ஜப்பானில் உஜி பக்கத்து விவசாயி நாகதானி சோயென், 1738-இல், அவித்த இலையைச் சூட்டோடு கையால் உருட்டி உலர்த்தும் முறையைச் செம்மைப்படுத்தினார். மச்சினன் கொடுத்த ஊசி இலை அவர் வழியில் வந்தது.

கறுப்புக்கும் பச்சைக்கும் வேறு வேறு செடி என்றே ஐரோப்பியர் வெகுகாலம் நம்பியிருந்தார்கள். 1840-களில் சீன வேஷம் போட்டு உள்நாட்டுக்குள் நுழைந்த ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் ராபர்ட் ஃபார்ச்சூன் நேரில் பார்த்து, இரண்டும் ஒன்றே என்று எழுதினார். கூடவே இன்னொன்றையும் பார்த்தார். ஏற்றுமதிக்குப் போகும் கிரீன் டீயில் பச்சையைத் தூக்கிக்காட்ட பிரஷ்யன் நீலச் சாயமும் ஜிப்சமும் கலந்துகொண்டிருந்தார்கள். வேலையாட்களின் விரல்கள் நீலமாக இருந்தன. மிளகில் பப்பாளி விதையைப் பொறுக்கிப் பழகிய நமக்கு இதில் ஆச்சரியம் கொஞ்சம் குறைவு.

வறுவல் ரகத்தில் எனக்குக் கிடைத்தது லோங்ஜிங். ஹாங்சோ நகரத்தின் மேற்கு ஏரியைச் சுற்றிய மலைகளில் விளைவது. ஏப்ரல் முதல் வாரத்தில் வரும் சிங்மிங் நாளுக்கு முன் பறித்த கொழுந்துக்குத்தான் அங்கே மவுசு. சூடான சட்டியில் வெறுங்கையால் அழுத்தி அழுத்தி, புத்தகத்துக்குள் வைத்த அரசிலைபோல் தட்டையாக்கிவிடுகிறார்கள். கஷ்கொட்டை வாசனை என்று எழுதுகிறார்கள்; கஷ்கொட்டையை நான் கண்டதில்லை. எனக்கு வந்தது பாயசத்துக்குப் பாசிப்பருப்பு வறுக்கும்போது எழும் முதல் வாசனை. புல் வாசனை ஒத்துக்கொள்ளாத காப்பிக்காரர்கள் ஜப்பானில் தொடங்க வேண்டாம். சீனச் சட்டியில் தொடங்குங்கள். மிளகாக உருண்டிருக்கும் கன்பவுடர் டீ மட்டும் எனக்கு ஒட்டவில்லை. மொராக்கோக்காரர்கள் அதில் புதினாவைத் திணித்துச் சர்க்கரையைக் கொட்டிக் குடிக்கிறார்கள், அவர்களுக்கே இருக்கட்டும்.

மோலி

ஜாஸ்மின் டீ என்றதும் குளியலறைச் சோப்புதான் ஞாபகம் வந்தது. நல்லதைக் குடித்த பிறகு வெட்கமாக இருந்தது. எசன்ஸ் தெளித்தது வேறு, பூவில் கிடந்தது வேறு.

சீனத்தில் அந்தப் பூவுக்கு மோலி என்று பெயர். வடமொழி ‘மல்லிகா’வின் சீன உச்சரிப்பு, பூ போன வழியிலேயே பெயரும் போயிருக்கிறது. 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லியும் ஃபூஜியான் மாகாணத்து ஃபூசோவின் மோலியும் ஒரே இனம், ஜாஸ்மினம் சம்பக். இலை வசந்தத்தில் வந்துவிடும், பூ கோடையில்தான் வரும். அதுவரை இலை காத்திருக்கும். பகலில் மொட்டாகப் பறித்து வந்த பூ, இரவில் அவிழத் தொடங்கும் நேரம் பார்த்து இலையோடு கலந்து குவிப்பார்கள். விடிந்ததும் பூவைச் சலித்து எடுத்துவிட்டு, இலையை உலர்த்தி, மறுபடி புதுப் பூ. உயர்ந்த ரகத்துக்கு ஆறு ஏழு தடவை. பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசனையை இழுத்துக்கொள்ளும் சுபாவம் தேயிலைக்கு உண்டு. அந்தச் சுபாவத்தை நம்பி நடக்கிற தொழில் இது.

என் மனைவி இரண்டு வாய் குடித்துவிட்டு, “தலையில வெக்கிறதை எதுக்குங்க குடிக்கணும்?” என்றார். மறுநாள் அவரே போட்டுக்கொண்டார். மதுரையிலிருந்து குன்னூர் முந்நூறு கிலோமீட்டர்கூட இல்லை. ஓரிடத்தில் பூ, ஓரிடத்தில் இலை. விலை விழுந்த நாளில் மல்லி சென்ட் ஆலைக்குப் போகிறது. ஒரு லாரி மல்லி மலையேறினால் என்ன என்ற யோசனை அன்றிலிருந்து என்னை விடவில்லை.

பச்சைத் தேயிலை என்று கேட்காதீர்கள்

குன்னூருக்குப் போனபோது கிரீன் டீயைத் தமிழில் சொல்லப் போய் அசடு வழிந்தேன். கோத்தகிரிச் சாலையில் சிறு தோட்டம் வைத்திருக்கும் படுகப் பெரியவர் ஒருவரிடம், “பச்சைத் தேயிலை எங்கே கிடைக்கும் ஐயா?” என்றேன். “எத்தனை டன் வேணும் சார்? ஃபாக்டரியா வெச்சிருக்கீங்க?” என்றார். நீலகிரியில் பச்சைத் தேயிலை, பசுந்தேயிலை என்றால் செடியிலிருந்து பறித்துத் தொழிற்சாலைக்குக் கிலோக் கணக்கில் போடும் இலை. அதற்கு விலை கட்டுபடியாகவில்லை என்பது அங்கே தீராத வழக்கு. 2023-இல்கூடக் குறைந்தபட்ச விலை கேட்டுப் படுக விவசாயிகள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். ஆகவே இந்தக் கட்டுரை முழுக்கக் கிரீன் டீ கிரீன் டீயாகவே இருக்கட்டும்.

அந்த இலையில் பெரும்பங்கு சி.டி.சி. இயந்திரத்தில் நசுங்கிக் குருணையாகித் தெருமுனை டீக்கடைப் பாய்லருக்கு வருகிறது. பாலுக்கும் சர்க்கரைக்கும் ஈடுகொடுக்க அதுதான் சரி. கிரீன் டீ செய்கிறவர்கள் குறைவு. ஊட்டிக்கு அப்பால், கிட்டத்தட்ட 8,000 அடி உயரத்தில் இருக்கும் கொரகுந்தா மாதிரியான தோட்டங்கள் இயற்கை முறையில் செய்கின்றன. பெரியவர் எனக்குக் கொடுத்தது கடைச் சரக்கில்லை. வீட்டுக்கென்று அடுப்பில் வறுத்து, கையால் உருட்டி, ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவைத்திருந்த இலை. நார்த்தை இலையைக் கிள்ளிய வாசனை. துவர்ப்பு ஜப்பானியதைவிட ஒரு பிடி கூட. ஆனால் மறைக்க எதுவும் இல்லாத நேர்மையான துவர்ப்பு.

கேட்டு வாங்கி வந்த கொஞ்சத்தைச் சென்னையில் போர்வெல் தண்ணீரில் போட்டேன். அதே இலை ஊமையாகிவிட்டது. மேலே எண்ணெய்போல் ஓர் ஆடை. சுண்ணாம்பு மிகுந்த கடினநீர் டீயின் வாசனையை அமுக்கிவிடும். காப்பிக்குக் காவிரித் தண்ணீர் வேண்டும் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொன்னபோதெல்லாம் வீண் ஜம்பம் என்று நினைத்தவன் நான். அவர்களில் பலர் இன்று இல்லை, மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை.

நீலகிரிக்கும் சீனத்துக்கும் உள்ள உறவு செடியோடு நிற்கவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் சீனக் கைதிகள் சிலர் இங்கே கொண்டுவரப்பட்டார்கள். விடுதலையான பின் நடுவட்டம், கூடலூர்ப் பக்கம் தங்கி, தமிழ்ப் பெண்களை மணந்து வாழ்ந்ததை மானுடவியலாளர் எட்கர் தர்ஸ்டன் பதிவுசெய்திருக்கிறார்.

காப்பியை விட்டு டீக்குப் போவதில் நான் முன்னோடியும் இல்லை. இலங்கை மலைநாடே போயிருக்கிறது. 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1869-இல் காப்பி இலைகளில் துருநோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுக்குள் காப்பித் தோட்டங்கள் அழிந்து அதே மண்ணில் தேயிலை நின்றது. மன்னார் வழியாகக் காப்பித் தோட்டத்துக்கென்று நடத்திக் கூட்டிப்போன தமிழ்ச் சனத்தின் பிள்ளைகள் கொழுந்து பறிப்பவர்கள் ஆனார்கள். 1964-இன் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தால் அவர்களில் பலர் திருப்பி அனுப்பப்பட்டபோது, வேலை கொடுக்க 1968-இல் அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போட்டது. இன்றைய டான்டீ அதுதான். என்னை டாக்டர் மாறச் சொன்னார், சலித்துக்கொண்டேன். அவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.

தோற்ற இடம்

கியோகுரோ என்ற ஜப்பானிய ரகத்திடம் தோற்றேன். பறிப்பதற்கு முன் சுமார் இருபது நாள் செடிக்குப் பந்தல் போட்டு வெயிலை மறைத்துவிடுகிறார்கள். வெயில் பட்டால் தியானைன் கேட்டசினாக மாறும். நிழலில் அது இலையிலேயே தங்கிவிடும். 1950-இல் தியானைனை முதன்முதலாகப் பிரித்தெடுத்தது கியோகுரோ இலையிலிருந்துதான். 50, 60 டிகிரி வெந்நீர், அதுவும் சங்கில் மருந்து ஊற்றுகிற அளவு. குடித்ததும் நாக்கு முழுவதும் ஒரு கொழகொழப்பு. ரச வண்டலின் திடம், கடற்பாசி, மேலே ஓர் இனிப்பு. 1908-இல் வேதியியலாளர் கிகுனாயே இகேடா கடற்பாசிக் குழம்பை ஆராய்ந்து ஐந்தாம் சுவை என்று உமாமியை அறிவித்தார். அந்தச் சுவை டீயாக வந்தால் இப்படித்தான் இருக்கும். டீ என்று நினைத்துக் குடித்தால் திடுக்கிடும், சூப் என்று நினைத்தால் கொஞ்சம் சமாதானமாகலாம். என்னால் ஆகவில்லை.

ஐம்பது கிராமுக்கு நான் கொடுத்த விலையை இங்கே எழுதினால் வீட்டில் படித்துவிடுவார்கள். அம்மா மட்டும் ஊறிய இலையை எறிய மனமில்லாமல், உப்பும் நல்லெண்ணெயும் விட்டுப் பிசைந்து தயிர்ச்சாதத்துக்குத் தொட்டுக்கொண்டார். போனில் மச்சினன் சிரித்தான். அங்கேயும் சோயா சாறு விட்டு அப்படித்தான் சாப்பிடுவார்களாம்.

அதே நிழல் இலையை உலர்த்திக் கல் ஏந்திரத்தில் அரைத்தால் மாச்சா. ஒரு ஏந்திரம் ஒரு மணி நேரத்துக்கு நாற்பது கிராம்தான் அரைக்கும். உலகம் முழுக்கக் கேட்கத் தொடங்கியதில், 2024-இல் கியோட்டோவின் பழம்பெரும் கடைகளே ஆளுக்கு இவ்வளவுதான் என்று கட்டுப்பாடு வைத்தன. அப்படி அரைத்த தூளைப் பாலிலும் சர்க்கரைப் பாகிலும் கரைத்து, ஐஸ் போட்டு, உறிஞ்சுகுழலோடு நம் மால்களில் தருகிறார்கள். ஃபில்டர் காப்பியில் ரோஸ்மில்க் ஊற்றினால் எப்படி இருக்கும் என்பதை அவரவர் கற்பனை செய்துகொள்ளலாம். தண்ணீரில் கரைத்த மாச்சா எனக்குப் பிடித்தது, ஆனால் நுரை கட்டவில்லை. அதைக் கடையும் மூங்கில் மத்து வாங்கச் சோம்பல்பட்டு மோர் மத்தால் கடைந்தேன். திப்பி திப்பியாக நின்றது.

வறுத்தது தாங்கும்

ஜெயித்தது விலை குறைந்த இரண்டு டீக்கள். ஒன்று கென்மாய்ச்சா. கிரீன் டீ இலையோடு வறுத்த அரிசி. இடையிடையே வெடித்த பொரி. பொட்டலத்தைப் பிரித்தால் சரஸ்வதி பூஜை. அம்மா அதற்குப் ‘பொரி டீ’ என்று பெயர் வைத்தார். எங்கள் தெருவில் இப்போது மூன்று வீட்டில் அந்தப் பெயர் புழங்குகிறது.

இன்னொன்று ஹோஜிச்சா. 1920-களில் கியோட்டோவில், முற்றிய இலையையும் காம்பையும் வீணாக்காமல் வறுத்துப் பார்த்ததில் பிறந்தது. நிறம் செம்பழுப்பு. கோப்பையைக் கையில் வாங்கியபோது ஒரு கணம், யாரோ எனக்குத் தெரியாமல் இரண்டாம் டிகாக்‌ஷனைக் கலந்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். காரணம் இருக்கிறது. தேயிலையை வறுக்கும்போது அமினோ அமிலமும் சர்க்கரையும் சேர்ந்து பைரசின் என்ற வாசனைப் பொருள்கள் உண்டாகும்; காப்பிக்கொட்டை வறுபடும்போது தெருவே மணக்கிறதே, அதிலும் அவைதான். ஹோஜிச்சாவுக்குக் கொதிக்கும் தண்ணீரே ஊற்றலாம், அரை நிமிடம் போதும். கஃபீன் குறைவு, ராத்திரித் தூக்கம் கெடாது. பால் ஊற்றினாலும் கோபித்துக்கொள்ளாது. அம்மாவின் சட்டப்படி வறுத்தது தாங்கும்.

வட இந்தியாவில் இரண்டு. காங்ராவில் 1849 முதல் தேயிலை உண்டு. 1905 ஏப்ரல் 4 நிலநடுக்கத்தில் சுமார் 20,000 பேர் மாண்டார்கள், தோட்டங்களும் தொழிற்சாலைகளும் சரிந்தன, வெள்ளைக்காரர்கள் விற்றுவிட்டுப் போனார்கள். அங்கிருந்து வரும் கிரீன் டீ மெல்லியது, அவசரக்காரர்களுக்கு ஒன்றுமே தெரியாது. மற்றது காஷ்மீரின் காவா. கிரீன் டீயில் ஏலம், பட்டை, குங்குமப்பூ போட்டு, மேலே சீவிய பாதாம். அதன் பெயரில்தான் விஷயம் இருக்கிறது. அரபியில் ‘கஹ்வா’ என்றால் காப்பி. துருக்கியில் கஹ்வே, டச்சில் கோஃபி, ஆங்கிலம் வழியாக நம்மிடம் காப்பி. எந்தச் சொல் எனக்குக் காப்பியாக வந்ததோ, அதே சொல் காஷ்மீரில் கிரீன் டீயின் பெயர். இதை டாக்டரிடம் சொன்னேன். அப்போதும் அவர் நிமிரவில்லை.

இளைத்தேனா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. 2012-இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, கிரீன் டீயால் குறையும் எடை கணக்கில் எடுக்க முடியாத அளவு சிறியது என்றே முடித்தது. காய்ச்சிய டீ பொதுவாகத் தொல்லை செய்யாது. செறிவூட்டிய மாத்திரைதான் வம்பு. நாளொன்றுக்கு 800 மில்லிகிராமோ அதற்கு மேலோ இ.ஜி.சி.ஜி. என்ற கேட்டசின் மாத்திரையாகப் போனால் ஈரலைப் பாதிக்கலாம் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் எச்சரித்தது. சாப்பாட்டோடு குடித்தால் கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வது குறையும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பது நல்லது. வெறும் வயிற்றில் வேண்டாம், எனக்குக் குமட்டியது.

இப்போது காலையில் ஒன்று, பத்தரைக்கு ஒன்று என்று இரண்டு காப்பி. மூன்று மணிக்குச் சென்ச்சா. இருட்டிய பிறகு அம்மாவும் நானும் ஹோஜிச்சா. தண்டனை என்ற பெயர் மட்டும் மாறவில்லை. “இன்னிக்கு எந்தத் தண்டனை, ஊசியா பொரியா?” என்று கேட்டுவிட்டுத்தான் மனைவி அடுப்பைப் பற்றவைக்கிறார்.

போன மாதம் மச்சினன் அனுப்பிய புதுச் சென்ச்சா வந்தது, அந்த ஆண்டின் முதல் பறிப்பு. பிரித்துப் பார்த்துவிட்டு, பையின் வாயை ஒரு துணி கிளிப்பால் கவ்வி, வழக்கமான அலமாரியில் வைத்தேன். ஒரு வாரம் ஊரில் இல்லை. வந்து மூன்று மணிக்குத் தண்ணீரை மூன்று தடவை ஆற்றி ஊற்றினேன். புல் வாசனைக்கு அடியில் பழகிய இன்னொரு வாசனை. அலமாரியைத் திறந்து பார்த்தேன். பைக்கு ஒட்டினாற்போல் காப்பிப்பொடி டப்பா, மூடி சரியாக அழுந்தாமல். மல்லிக்கு ஏழு இரவு தேவைப்பட்டது. பீபெரிக்கும் அதே கணக்குத்தான் போலிருக்கிறது.

தூக்கிப் போட்டுவிடச் சொன்னார் மனைவி. நான் டப்பாவை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்திவைத்தேன்.